குழாய் குடிக்கும் நேரம்

தண்ணீர் வருவதற்கு முன் குழாய் இருமும். முறை வைத்துத் தண்ணீர் விடும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த இருமல் நன்றாகத் தெரியும். விடிகாலையில் குழாயின் அடித்தொண்டையிலிருந்து 'கொர்' என்று ஒரு சத்தம். பிறகு புஸ்ஸென்று காற்று. அப்புறம் துப்பித் துப்பிக் கொஞ்சம் கலங்கல். அதற்குப் பிறகுதான் தெளிந்த தண்ணீர். சத்தம் கேட்டதும் தெருவே குடத்தோடு எழுந்துகொள்ளும். நானும் எத்தனையோ வருடங்கள் அந்தச் சத்தத்தில்தான் கண்விழித்தேன். தண்ணீர் வரவேண்டிய குழாய்க்குள் காற்று எப்படிப் போயிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவர் கடப்பாரையோடு வந்த ஒரு ஃபிட்டர். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில், ஒரு குடம் தண்ணீர் எங்கிருந்து கிளம்பி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சென்னையில் ஒரு குடம் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் குடம், ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். கூவமும் அடையாறும் ஊருக்குள் ஓடினாலும் இந்தக் குடத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலை ஆற்றில் ஓடிவந்து பூண்டியில் தேங்கிய தண்ணீராக இது இருக்கலாம். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாயில் வந்த கிருஷ்ணா நீராக இருக்கலாம். அந்த நீர் 1996-ல் முதன்முதலாகத் தமிழக எல்லையைத் தொட்டது. கடலூர் மாவட்டத்தில் சோழர் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் வந்ததாகவும் இருக்கலாம். மீஞ்சூரிலோ நெம்மேலியிலோ உப்பு நீக்கிய கடல்நீராகக்கூட இருக்கலாம். இவை போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஊர் 2019-ல் பார்த்தது. ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

நம் குடத்துக்குப் பூண்டி நீரையே எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலையின் குறுக்கே இந்த நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிந்தது. மேயராக இருந்து இதற்காக மன்றாடிய தீரர் சத்தியமூர்த்தி முந்தைய ஆண்டே இறந்துபோனார். தேக்கத்துக்கு அவர் பெயர் மட்டும் நின்றது: சத்தியமூர்த்தி சாகர். இங்கே தேங்கும் நீரைச் சும்மா கையில் அள்ளிக் குடிக்க முடியாது. ஆறு வந்த வழியெல்லாம் வயல் உண்டு, மாடு உண்டு, கரையோரம் ஒதுங்குபவர்களும் உண்டு. மழை அத்தனையையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது சேறு. தெரியாதது மனிதர்கள், விலங்குகளின் குடலிலிருந்து வந்து சேர்ந்த கிருமிகள். காலரா, டைஃபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகளுக்கு ஊர் சுற்ற இந்தத் தண்ணீர்தான் வண்டி.

பூண்டியிலிருந்து சோழவரம், புழல் என்று ஏரி ஏரியாக இறங்கி, புழலில் நீர் கொஞ்சம் இளைப்பாறுகிறது. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் வழிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தவை இன்றைய ஏழுகிணறு பகுதியின் கிணறுகள். 1772 வாக்கில் கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட ஏற்பாடு அது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1872-ல், புழல் ஏரி நீரைத் திறந்த மண்கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து இரும்புக் குழாய்களில் ஊருக்குள் விட்டார்கள். வீதிக்குக் குழாய் வந்ததே அன்று பெரிய விஷயம். ஆனால் வடிகட்டாத தண்ணீர் அது. ஏரியில் என்ன இருந்ததோ அதுவே குழாயிலும் வந்தது. திறந்த கால்வாயில் வழியில் என்ன விழுந்ததோ அதுவும் கூடவே வந்தது. முன்பு ஒரு கிணறு கெட்டால் அந்தத் தெருவுக்குத்தான் நோய். குழாய் வந்தபின் ஒரே இடத்தில் கெட்டால் ஊருக்கே பங்கு போகும்.

இதைச் சரிசெய்ய வந்த பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. தி. நகரில் மேட்லி சாலை வழியாகப் போகிறவர்கள் அவரைத் தெரியாமலே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1914-ல் அவர் காலத்தில்தான் புழலிலிருந்து மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்களும், தண்ணீரை ஏற்றியனுப்பும் இயந்திரங்களும் வந்தன. அந்த நாளைய வடிப்பான் மெதுவாக வேலை செய்யும். அகன்ற தொட்டியில் மணலைப் பரப்பி, மேலே நீரை நிறுத்தி, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கவிடுவார்கள். சில நாளில் மணலின் மேற்பரப்பில் வழவழப்பாக ஒரு படலம் கட்டும். அழுக்குப் படலம் மாதிரித் தெரியும். ஆனால் அது உயிருள்ளது. நுண்ணுயிர்கள் குடியேறிய அந்தப் பாய்தான் மேலிருந்து இறங்கும் கிருமிகளைப் பிடித்துத் தின்னும். வழவழப்பு பிடிக்காமல் யாராவது சுத்தமாக வழித்தெடுத்துவிட்டால், மறுபடி படலம் கட்டும்வரை வடிப்பான் வெறும் மணல்தான்.

இன்று ஊர் பெருத்துவிட்டது. கீழ்ப்பாக்கம் நிலையம் மட்டுமே நாளொன்றுக்கு 27 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடியது. அவ்வளவையும் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் முதல் வேலை படிகாரத்துக்கு. சேற்றின் பொடித்துகள் ஒவ்வொன்றும் எதிர்மின் ஏற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். அதனால்தான் கலங்கிய நீர் நாள்கணக்கில் வைத்தாலும் தெளிவதில்லை. படிகாரத்தின் அலுமினியம் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுப் பொதியாகத் திரண்டு அடியில் படியும். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியதும் இதே வேலைக்குத்தான். கொட்டையில் இருக்கும் பசைப்பொருள் சேற்றைச் சேர்த்துப் பிடித்து அடியில் உட்கார வைத்துவிடும்.

மணலிலும் வடிந்து தெளிந்த நீர் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதை நம்பிக் குடித்துவிடக் கூடாது. சேறு போனதில் பாதிக் கிருமி போயிருக்கலாம், மீதி இருக்கும். படிகாரமும் மணலும் முன்னால் வரவேண்டிய காரணம் வேறு. சேறு இருந்தால் கிருமி அதன் மறைவில் ஒளிந்துகொள்ளும், அடுத்து வரும் குளோரினும் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும்.

குளோரின் வாயு பெரிய இரும்பு உருளைகளில் அடைத்து வருகிறது. தண்ணீரில் கலந்ததும் ஒரு மெல்லிய அமிலமாகி, கிருமியின் உடற்சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து அழிக்கும். அதற்கு அரைமணி நேரமாவது கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இருக்கும் கிருமியைக் கொல்லத் தேவையான அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறார்கள். அந்த மிச்சம் தண்ணீரோடு பயணம் செய்து வழியில் சேரும் கிருமியைக் கவனித்துக்கொள்ளும். இந்தியத் தர நிர்ணயப்படி, குழாயடியில் பிடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது இருக்க வேண்டும். நம் குடம் முழுவதற்கும் சேர்த்து மூன்று மில்லிகிராம். ஒரு கல்லுப்பின் எடைகூட வராது. அதே தரம், 100 மில்லி தண்ணீரில் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

எஞ்சிய குளோரின் தண்ணீருக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. வழி நீண்டால் தீர்ந்துபோகும். வழியில் பங்கு கேட்பவர் அதிகமானாலும் தீர்ந்துபோகும்.

கட்டுச்சோறு போதாமல் போன கதை ஒன்று டெல்லியில் நடந்தது. 1955 இறுதியில் யமுனையில் வெள்ளம். வடிந்தபோது ஆறு இடம் மாறியிருந்தது. நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர் பின்னோக்கி ஏறி, வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. விபரீதம் தெரிந்ததும் நிலையத்தில் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் பாக்டீரியாக்கள் செத்தன, டைஃபாய்டு பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் ஊரில் கண்கள் மஞ்சளாயின. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. கலங்கலோடு வந்த வைரஸ் குளோரினைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே தெரிந்த காமாலைதான் என்று அன்று நினைத்தார்கள். சேமித்து வைத்திருந்த அந்த ரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோதுதான் இது வேறு வைரஸ் என்று தெரிந்தது. மிகயீல் பலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்துக் காமாலை வரவழைத்துக்கொண்டு 1983-ல் அந்த வைரஸை நுண்ணோக்கியில் காட்டினார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே குணமாகும். பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது எமன். நான்கைந்து பேரில் ஒருவர்வரை உயிரிழக்கக்கூடும்.

இப்படிச் சறுக்கல்கள் உண்டென்றாலும், ஒழுங்காக நடக்கும் நிலையத்தின் வாசலைத் தாண்டும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். அதன் ஆபத்தான பயணம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. அவ்வளவு பாடுபட்டு நீக்கியது, கடைசி நூறு அடியில் மறுபடி சேர்ந்துவிடலாம்.

இனி ஃபிட்டர். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். எங்கள் ஊர் ஒரு சிறுநகரம், பெயர் வேண்டாம். எனக்குச் சோறு பிடிக்கவில்லை, குமட்டல், மூத்திரம் கடலை எண்ணெய் நிறத்தில். அம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள், உப்பில்லாப் பத்தியம் போட்டார்கள், ஆஸ்பத்திரிக்கும் போனோம். அதற்குள் தெருவில் ஆறு வீடுகளில் காமாலை. எல்லாம் தெருவின் தாழ்ந்த கோடியில் இருந்த வீடுகள். மேட்டுப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து ஃபிட்டர் வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் தோண்டினார். இடுப்பளவு பள்ளத்தில் கருஞ்சேறு. வீட்டுக்கு வரும் முக்கால் அங்குல இரும்புக் குழாய் தெருவின் சாக்கடைக்கு அடியில் புகுந்து வந்திருந்தது. அவர் கோணியால் அதைத் துடைத்தார். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே ஊசி நுழையும் அளவில் மூன்று, நாலு ஓட்டைகள்.

அம்மா திண்ணையிலிருந்து கேட்டாள்: "தண்ணி நல்லாத்தானே தம்பி வந்துச்சு? குடத்துல பாத்தா அடி தெரியும்."

"வரும்போது நல்லாத்தான்க்கா வரும். வெளியதான் ஒழுகும், உள்ள எதுவும் போவாது. நின்னதுக்கப்புறம்தான் வென. தண்ணி வர்றப்ப பைப்பு துப்பும். நின்னா பைப்பு குடிக்கும்."

ஒரு பாடநூல் அத்தியாயத்தை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை ஒரு செலவு, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் மண்ணுக்குள் போகும். வால்வை மூடியதும் கதை மாறுகிறது. குழாயில் நின்ற நீர் தாழ்ந்த வீடுகளின் திறந்த குழாய்கள் வழியாக வடிந்துபோகும். வடிந்த இடம் வெற்றிடம். அந்த வெற்றிடம் கிடைத்த வழியிலெல்லாம் உறிஞ்சும். மேட்டு வீட்டின் திறந்த குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். பள்ளத்தில் இருக்கும் ஓட்டை வழியாகச் சுற்றி நிற்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சாக்கடை ஈரமாக இருந்தால் அதுதான் உள்ளே போகும். மறுநாள் காலை குழாய் இருமும்போது வெளியேறும் காற்று, ராத்திரி அது வெளியிலிருந்து இழுத்ததற்குச் சாட்சி. காற்றோடு வேறு எதை இழுத்தது என்பதை அந்த இருமல் சொல்லாது.

போதாக்குறைக்கு, முறைத் தண்ணீர் தெருவில் யாராவது ஒருவர் மோட்டாரை நேராகக் குழாயிலேயே மாட்டிவிடுவார். தண்ணீர் வரும் நேரத்திலும் அவர் மோட்டார் அக்கம்பக்கத்துக் குழாய்களை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறைந்தது என்று சண்டை வரும். சாக்கடை ஈரத்தையும் சேர்த்து இழுத்தார் என்று யாரும் சண்டை போடுவதில்லை.

ஃபிட்டர் சொன்னதைப் பிற்காலத்தில் அளந்தே பார்த்தார்கள். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஒரே ஊரின் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்தார்கள். மற்ற வார்டுகளுக்குச் சில நாளைக்கு ஒருமுறை. இரண்டு பக்கமும் குழாயடி மாதிரிகளைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். முறைத் தண்ணீர் மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஈ.கோலை இருந்தது. இடைவிடாமல் வந்த தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அடைத்துத் திறந்ததும் வரும் முதல் தண்ணீர்தான் இருப்பதிலேயே மோசம். இன்னொரு ஆய்வில், இடைவிடாத வார்டுகளில் டைஃபாய்டு குறைந்தது தெரிந்தது. ஆனால் சின்னக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஒட்டுமொத்தமாகப் பெரிதாகக் குறையவில்லை. நோய்க்குக் குழாய் ஒரு வாசல்தான், வேறு வாசல்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதல் குடத்தைக் குடிக்க வைக்காமல் பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் ஒதுக்கும் பழக்கம் எங்கள் தெருப் பெண்களுக்கு எந்த ஆய்வுக்கும் முன்பே இருந்தது. கலங்கல் போகட்டும் என்றுதான் செய்தார்கள். காரணம் அவர்கள் நினைத்ததைவிடப் பெரியது.

தண்ணீர் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. சென்னை வீடென்றால் முதலில் சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டி. அங்கிருந்து மோட்டார் போட்டு மாடியில் இருக்கும் தொட்டிக்கு. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழை நாளில் வாசல் தண்ணீர் இறங்கும். மாடித்தொட்டியின் மூடி காற்றில் பறந்து வருடக்கணக்காகியிருக்கும், காக்கையும் அணிலும் வந்துபோகும். வெயிலில் காயும் தொட்டியில் குளோரின் நாளுக்கு நாள் கரைந்துபோகும். கட்டுச்சோறு இங்கே அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது.

பிறகு குடம். தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். வேலூரில் அன்று குழாய்த் தண்ணீர் பல நாள் இடைவெளியில்தான் வரும். ஆகவே வீடுகளில் நாள்கணக்கில் சேமித்து வைத்துக் குடித்தார்கள். ககன்தீப் காங் உள்ளிட்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் தண்ணீர் பிடித்தபோது இருந்ததைவிட வைத்திருந்தபோது அதிகமாகக் கெட்டிருந்தது. சொம்பை விட்டு மொள்ளும்போது விரல் நனைகிறது. அந்த விரல் கடைசியாக எங்கே இருந்தது என்பது தண்ணீருக்குத் தெரிந்துவிடுகிறது. அதே ஆய்வில் ஒரே ஒரு வகைப் பாத்திரத்தில் மட்டும் கிருமி குறைந்திருந்தது: பித்தளைக் குடம். பித்தளையிலுள்ள செம்பு மிக நுண்ணிய அளவில் நீரில் இறங்கிப் பாக்டீரியாக்களைக் கொல்கிறது. அதற்காகப் பித்தளைக் குடம் மருந்துக்கடை ஆகிவிடாது. அதற்கும் நேரம் வேண்டும், எல்லாக் கிருமியும் அதற்கு மசியாது. இருந்தாலும், அதே குடங்களை எடைக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கிய தலைமுறை நாம் என்பதை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

இப்போது பல வீட்டுச் சுவர்களில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டியிருக்கிறது. உப்பு மிகுந்த போர்வெல் நீருக்கு அது தேவைதான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புக் கரைந்த நீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. காரணம், குடிக்கக் கிடைப்பதைவிட அது சாக்கடைக்கு விடும் தண்ணீர் அதிகம். பலரும் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் கரி வடிப்பான், தண்ணீரில் மிஞ்சியிருந்த குளோரினையும் எடுத்துவிடுகிறது. வெளியே வரும் நீர் சுத்தமானது, ஆனால் காவல் இல்லாதது. அதை வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துக் கைவிட்டு மொண்டால், செலவழித்த பணம் அந்த ஒரு விரலோடு போயிற்று. சந்தேகமான நாட்களில் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்துச் சாய்த்து ஊற்றிக் குடிப்பதற்கு நிகர் இல்லை. குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவையும் தாண்டிக் கிருமி வயிற்றுக்குள் போய்விட்டால்? அதற்கும் சென்னையில் ஒரு சரித்திரம் உண்டு. 1992 கடைசியில் இங்கே காலரா மாதிரியே ஒரு வாந்திபேதி. ஆனால் காலராவுக்கான வழக்கமான சோதனையில் பிடிபடவில்லை. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலராக் கிருமிக்கு ஓ1 என்று அடையாளம். இது புதியது. ஓ139 என்று எண் கொடுத்தார்கள். பழைய காலராவுக்குப் பழகிப்போயிருந்த பெரியவர்களையும் இது விடவில்லை. சில மாதங்களில் வங்கக்கடலோரமாகவே கல்கத்தா, வங்கதேசம் என்று போய்விட்டது. அதனால் பெயரிலும் வங்கம் ஒட்டிக்கொண்டது: ஓ139 பெங்கால். முதலில் தென்பட்ட ஊரின் பெயர் அதில் இல்லை.

காலரா ஆளைக் கொல்வது தண்ணீரை வெளியேற்றித்தான். அதன் நஞ்சு குடலின் மடையைத் திறந்துவிடும். சில மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். ஆனால் அந்த நிலையிலும் சர்க்கரை உள்ளே போகும் கதவு ஒன்று திறந்தே இருக்கும். சர்க்கரை போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். உப்பு-சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இவ்வளவுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கி, தாய்மாரையும் அண்ணன்தம்பிகளையும் விட்டே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை போன சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைவசம் இல்லாதபோது ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும். குழந்தை கண் குழிந்து, மூத்திரம் போகாமல், துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கைவைத்தியம் பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். கெட்ட தண்ணீர் கொடுத்த நோய்க்கும் மருந்து தண்ணீர்தான் என்பது ஒரு விசித்திரம். அந்தத் தண்ணீரும் நல்லதாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

நம் குடத்து நீரின் பயணம் வயிற்றோடு முடிவதில்லை. குடித்ததும் குளித்ததும் கழுவியதும் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் பின்பக்கக் குழாயில் இறங்கி அதே தெருவுக்குத் திரும்புகிறது. ஒரு பகுதி கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் சுத்தமாகித் தொழிற்சாலைகளுக்கே போகிறது. ஆனால் அதற்கு முன், தெருவைக் கடக்கும் வரை, மண்ணுக்கடியில் அது நல்ல தண்ணீர்க் குழாயின் பக்கத்திலேயே போகவேண்டியிருக்கிறது. குறுகிய தெருவில் இரண்டுக்கும் இடையே ஒரு முழம் மண்தான். காலையில் வந்த தண்ணீரும் சாயங்காலம் போகும் தண்ணீரும் அந்த ஒரு முழத்தில் சந்திக்காமல் இருக்க வேண்டும். நல்ல குழாயில் இரவும் பகலும் அழுத்தம் இருந்தால் சந்திக்காது. ஒடிசாவின் பூரியில் 2021-லிருந்து குழாயில் நேராகவே குடிக்கலாம் என்று தண்ணீர் விடுகிறார்கள். கோவையிலும் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் போட்டுக் குழாய் மாற்றுகிறார்கள். இடைவிடாத தண்ணீர் என்றால் வசதி என்றே நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வசதிக்கு முன்னால் ஒரு தடுப்பூசி. தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி ஊரில் எவ்வளவோ பேசுகிறோம். வராத நேரத்தில்தான் குழாய் நமக்காக எதையோ குடித்து வைக்கிறது.

எங்கள் ஊரில் இன்னும் முறைத் தண்ணீர்தான். அன்று ஃபிட்டர் குழாயை மாற்றி, சாக்கடைக்கு மேலாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது அம்மாவிடம் ஒரு பழக்கத்தையும் மாற்றிவிட்டுப் போனார். அதற்கு முன்பெல்லாம் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடித்தால் "மருந்து நாத்தம்" என்று முகம் சுளித்துக் கொல்லையில் ஊற்றிவிடுவாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான். தொட்டிக்கு மருந்து போடுபவரைப் பார்த்தால் "என்னய்யா, எங்களக் கொல்லப் பாக்கிறியா?" என்று திட்டுவார்கள். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. திட்டுக்குப் பயந்து அவரும் குறைத்துப் போட்டிருக்கலாம், யார் கண்டது? ஃபிட்டர் சொன்னது இதுதான்: "வாட அடிச்சா பயப்படாதீங்கக்கா. அடிக்கலேன்னாதான் பயப்படணும்." சுகாதார ஆய்வாளர் குழாய்த் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் அந்த வாடையைத்தான், கண்ணால் பார்க்கும் விதத்தில்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலையில் குழாய் இருமியது. அம்மா எழுந்துபோய் முதல் குடத்தைப் பிடித்து வாசலுக்கு வைத்தாள். இரண்டாவது குடம் நிரம்பும்போது உள்ளங்கையில் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு தடவை ஏந்தினாள்.

"வாடையே இல்லையேடா," என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போய், பெரிய பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தாள்.